வழியின் விலை

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லப் பல வழிகள் இருக்கும்போது எதனைத் தேர்வது? தொலைவு குறைந்ததையா, விரைவு மிகுந்ததையா, நெரிசல் அற்றதையா? மனிதர் தம் பயணங்களில் எதிர்கொள்ளும் இவ்வினாவை இணையத்தில் செல்லும் ஒவ்வொரு செய்தியும் நொடிதோறும் எதிர்கொள்கிறது. செய்தியைச் சுமந்து செல்லும் இணைப்புகள் எல்லாம் ஒரே விரைவு உடையன அல்ல. சில பெருஞ்சாலை போன்றவை, சில ஒற்றையடிப் பாதை போன்றவை. அவ்விணைப்புகளுக்கு மனிதர் இடும் 'விலை' என்னும் எண்ணே செய்தியின் வழியைத் தீர்மானிக்கிறது. அவ்விலை எவ்வாறு இடப்பட்டது, எங்கே பிழைத்தது, எவ்வாறு திருத்தம் பெற்றது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஆறும் ஆற்றுப்படுத்தலும்

'ஆறு' என்னும் சொல்லுக்கு 'வழி' என்னும் பொருளும் உண்டு. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞரை அவ்வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் மலைபடுகடாம், செல்லும் திசையை மட்டும் கூறி அமைவதில்லை. வழியில் நேரும் இடர்களையும் கிடைக்கும் உணவையும் தங்குமிடங்களையும் விரித்துரைக்கிறது. வழிகாட்டுவோர் வழியின் தன்மையையும் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் தெளிவு அதில் புலப்படுகிறது.

கணினி வலையமைப்பில் ஆற்றுப்படுத்தும் பணியைச் செய்யும் கருவி திசைவி. இதனை ரவுட்டர் என்றும் வழங்குவர். நாம் அனுப்பும் மின்னஞ்சலோ ஒளிப்படமோ முழுமையாக ஒரே பொருளாய்ச் செல்வதில்லை. சிறு சிறு தரவுப்பொதிகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் அது சேர வேண்டிய இடத்தின் முகவரி இருக்கும். பொதி தன்னிடம் வந்ததும் திசைவி அம்முகவரியை நோக்கி, அடுத்து எந்த இணைப்பின் வழியாக அதனை அனுப்புவது என முடிவு செய்கிறது. இவ்வாறு பல திசைவிகளைக் கடந்து பொதி தன் இடத்தை அடைகிறது.

மலைவழியைக் கண்டறிந்த கலைஞரைப் போலத் திசைவி தன் வழியைக் கண்ணால் கண்டதில்லை. ஒவ்வோர் இணைப்புக்கும் இடப்பட்ட எண் ஒன்றையே அது அறியும். அவ்வெண்ணே இணைப்பின் விலை. ஒரு வழியில் அமைந்த இணைப்புகளின் விலைகளைக் கூட்டினால் அவ்வழியின் மொத்த விலை கிடைக்கும். மொத்த விலை குறைந்த வழியே சிறந்த வழி எனத் திசைவி கொள்ளும். எனவே, எண் பொருத்தமாக அமைந்தால் வழியும் பொருத்தமாக அமையும். எண் பொய்த்தால் வழியும் பொய்க்கும்.

தாவல்களை எண்ணும் முறை

வழியைத் தேர்வதற்குரிய மிக எளிய முறை, அவ்வழியில் உள்ள இணைப்புகளை எண்ணுவதாகும். ஒரு திசைவியிலிருந்து அடுத்த திசைவிக்குச் செல்வதைத் தாவல் என்பர். ஒவ்வோர் இணைப்புக்கும் விலை ஒன்று எனக் கொண்டால், தாவல்கள் குறைந்த வழி விலை குறைந்த வழியாகிறது. 1988ஆம் ஆண்டு வரையறுத்து வெளியிடப்பட்ட 'ஆர்.ஐ.பி.' என்னும் நெறிமுறை இம்முறையைப் பின்பற்றியது. அதன்படி ஒரு வழி 15 தாவல்கள் வரை நீளலாம். 16 என்னும் எண் சென்றடைய இயலாத தொலைவைக் குறிக்கும்.

எல்லா இணைப்புகளும் ஒத்த விரைவு உடையனவாயின் இம்முறையே போதுமானது. விரைவு வேறுபடும்போது இம்முறை தடுமாறுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அ, ஆ, இ, ஈ என நான்கு நிலையங்கள் உள்ளன எனக் கொள்வோம். அ நிலையத்திற்கும் ஈ நிலையத்திற்கும் இடையே நேரடி இணைப்பு ஒன்று உண்டு; அதன் விரைவு நொடிக்கு 64 கிலோபிட். அ–ஆ, ஆ–இ, இ–ஈ ஆகிய மூன்று இணைப்புகள் கொண்ட மற்றொரு வழியும் உண்டு. அவை ஒவ்வொன்றின் விரைவும் நொடிக்கு 10 மெகாபிட்.

80 இலட்சம் பிட் அளவுள்ள கோப்பு ஒன்றை அ நிலையத்திலிருந்து ஈ நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். நேரடி இணைப்பில் அதற்கு 125 நொடிகள் தேவை. சுற்றுவழியில் ஓர் இணைப்பைக் கடக்க 0.8 நொடி போதும். கோப்பு முழுவதும் ஒவ்வொரு நிலையத்திலும் வந்து சேர்ந்த பின்னரே அடுத்த நிலையத்திற்குப் புறப்படுகிறது என்று கொண்டாலும், மொத்தம் 2.4 நொடிகளே ஆகும். ஆனால், தாவல்களை எண்ணும் திசைவி நேரடி இணைப்பின் விலை ஒன்று, சுற்றுவழியின் விலை மூன்று எனக் கணக்கிட்டு 125 நொடி வழியையே தேர்கிறது. திசைவி தவறாகக் கணக்கிடவில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட அளவுகோல் விரைவை அளக்கவில்லை என்பதே குறை.

குறைந்த விலை வழியைக் கண்டறிதல்

விலைகள் வேறுபடும் இணைப்புகளுக்கிடையே மொத்த விலை மிகக் குறைந்த வழியைக் கண்டறிய ஒரு கணக்கீட்டு முறை தேவை. நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்சுகர் டெய்க்ஸ்ட்ரா அத்தகைய முறையொன்றை 1956ஆம் ஆண்டு கண்டறிந்தார். ஆம்ஸ்டர்டாம் நகரின் கடைவீதியில், தாம் மணக்கவிருந்த பெண்ணுடன் சுற்றிக் களைத்து ஒரு காபிக்கடையில் அமர்ந்தார். ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குச் செல்லும் மிகக் குறுகிய வழியைக் கண்டறிவது எவ்வாறு என்னும் வினாவுக்கு அங்கே ஏறத்தாழ 20 நிமிடங்களில், காகிதமும் எழுதுகோலும் இன்றி விடை கண்டார். 1959ஆம் ஆண்டு அது சிறு கட்டுரையாக வெளிவந்தது.

அம்முறையின் அடிப்படை எளிது. தொடங்கும் இடத்தின் விலை சுழி. அங்கிருந்து நேராகச் செல்லக்கூடிய இடங்களுள் மிகக் குறைந்த விலையுடைய இடத்தை முதலில் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்த இடத்தின் வழியாகச் சென்றால் பிற இடங்களுக்கான விலை குறையுமா எனப் பார்த்து, குறைந்தால் திருத்திக்கொள்ள வேண்டும். எஞ்சியவற்றுள் மீண்டும் விலை குறைந்த இடத்தை உறுதி செய்ய வேண்டும். எல்லா இடங்களும் உறுதியாகும் வரை இதனைத் தொடர்ந்தால் ஒவ்வோர் இடத்திற்குமான சிறந்த வழி கிடைத்துவிடும். இணைப்பின் விலை எதிர்ம எண்ணாக இல்லாதவரை இம்முறை பிழைபடுவதில்லை.

இம்முறை வழியைக் கண்டறியுமேயன்றி, விலையை இடுவதில்லை. விலையை இடும் பொறுப்பு மனிதருடையது.

> தெரியுமா?
> ஆர்மாக் என்னும் புதிய கணினியின் ஆற்றலைப் பொதுமக்களுக்கு எளிதில் விளக்கவே டெய்க்ஸ்ட்ரா குறுவழிச் சிக்கலைத் தேர்ந்தெடுத்தார். அதற்காக நெதர்லாந்தின் 64 நகரங்களைக் கொண்ட எளிய சாலைப்படம் பயன்படுத்தப்பட்டது.

விரைவுக்கு ஏற்ற விலை

டெய்க்ஸ்ட்ராவின் முறையை அடிப்படையாகக் கொண்ட 'ஓ.எஸ்.பி.எஃப்.' என்னும் நெறிமுறை முதன்முதலில் 1989ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பின் வரையறை 1998ஆம் ஆண்டு செம்மையாக்கப்பட்டு வெளிவந்தது. இந்நெறிமுறையில் ஒவ்வொரு திசைவியும் தன்னோடு சேர்ந்த இணைப்புகளின் விலையைப் பிற திசைவிகளுக்கு அறிவிக்கிறது. அவ்வறிவிப்புகளைத் தொகுத்து ஒவ்வொரு திசைவியும் முழு வலையமைப்பின் படத்தையும் தன்னிடத்தே வைத்துக்கொள்கிறது. விலை 1 முதல் 65,535 வரையுள்ள முழு எண்ணாக இருக்கலாம். அதனை எவ்வாறு முடிவு செய்வது என்பதை நெறிமுறை விதிக்கவில்லை. வலையமைப்பை நிருவகிப்பவரிடம் விட்டுவிடுகிறது.

நடைமுறையில் பரவலாக வழங்கும் முறை, விலையை விரைவுக்கு எதிர்விகிதத்தில் வைப்பதாகும். சிஸ்கோ நிறுவனத்தின் திசைவிகள் நொடிக்கு 100 மெகாபிட் என்பதை அடிப்படை அளவாகக் கொண்டு, அதனை இணைப்பின் விரைவால் வகுத்து, வரும் முழு எண்ணை விலையாகக் கொள்கின்றன. அதன்படி விலைகள் பின்வருமாறு அமையும்.

நொடிக்கு 64 கிலோபிட் – விலை 1,562
நொடிக்கு 1.544 மெகாபிட் – விலை 64
நொடிக்கு 10 மெகாபிட் – விலை 10
நொடிக்கு 100 மெகாபிட் – விலை 1

எதிர்விகிதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பொதியை இணைப்பில் ஏற்றி அனுப்ப ஆகும் நேரம் அவ்விணைப்பின் விரைவுக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. விரைவு பத்து மடங்கானால் நேரம் பத்தில் ஒரு பங்காகும். அடுத்தடுத்த இணைப்புகளில் ஆகும் நேரங்களைக் கூட்டினால் மொத்த நேரம் கிடைக்கும். ஆகவே, எதிர்விகித விலைகளைக் கூட்டுவது ஏறத்தாழ நேரங்களைக் கூட்டுவதற்கு ஒப்பாகும். விரைவை அப்படியே கூட்டினால் இத்தகைய பொருள் எதுவும் கிடைக்காது.

முன்னர்க் கண்ட எடுத்துக்காட்டில் இப்போது நேரடி இணைப்பின் விலை 1,562. மூன்று இணைப்புகள் கொண்ட சுற்றுவழியின் விலை 30. திசைவி தயக்கமின்றிச் சுற்றுவழியைத் தேர்கிறது.

தேய்ந்த அளவுகோல்

100 மெகாபிட் என்பது ஒரு காலத்தில் மிகுவிரைவாகக் கருதப்பட்டது. நொடிக்கு 1 ஜிகாபிட் விரைவுடைய ஒளியிழை ஈதர்நெட்டுக்குரிய தரநிலை 1998ஆம் ஆண்டிலும், 10 ஜிகாபிட்டுக்குரியது 2002ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 100 மெகாபிட்டை 1 ஜிகாபிட்டால் வகுத்தால் 0.1 வரும், 10 ஜிகாபிட்டால் வகுத்தால் 0.01 வரும். விலையோ ஒன்றுக்குக் குறையாத முழு எண்ணாக இருத்தல் வேண்டும். ஆகவே 100 மெகாபிட், 1 ஜிகாபிட், 10 ஜிகாபிட் ஆகிய மூன்றும் ஒரே விலை பெற்றன. ஒன்றைவிட நூறு மடங்கு விரைவுடைய இணைப்பும் அதுவும் திசைவியின் கணக்கில் ஒன்றாயின.

இதன் விளைவை ஒரு மருத்துவமனையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மருத்துவமனையின் ஊடுகதிர்ப் பிரிவுக்கும் அறுவைப் பிரிவுக்கும் இடையே 100 மெகாபிட் விரைவுடைய பழைய இணைப்பு ஒன்று உள்ளது எனக் கொள்வோம். பின்னர்ப் பெரும்பொருள் செலவிட்டு இரு பிரிவுகளையும் மையக் கட்டடத்தோடு 10 ஜிகாபிட் ஒளியிழையால் இணைக்கின்றனர். பழைய வழியின் விலை 1. மையக் கட்டடம் வழியாகச் செல்லும் புதிய வழியில் இரண்டு இணைப்புகள். ஆகவே விலை 2. திசைவி பழைய வழியையே தேர்கிறது. 500 மெகாபைட் அளவுள்ள ஊடுகதிர்ப் படத்தொகுதி, ஒளியிழை வழியே ஒரு நொடிக்குள் சென்றடைய வேண்டியது, பழைய வழியில் 40 நொடிகள் எடுத்துக்கொள்கிறது. பல நோயாளிகளின் படங்கள் ஒருங்கே அனுப்பப்படும்போது காத்திருப்பு மேலும் நீள்கிறது. புதிய ஒளியிழையோ பயனின்றிக் கிடக்கிறது. கருவி எதுவும் பழுதாகவில்லை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. அதனாலேயே இக்குறையைக் கண்டறிவது கடினம்.

அடிப்படை அளவை உயர்த்துவதே இதற்குத் தீர்வு. அதனை 100 ஜிகாபிட்டாக வைத்தால், 10 ஜிகாபிட் இணைப்பின் விலை 10, 1 ஜிகாபிட்டின் விலை 100, 100 மெகாபிட்டின் விலை 1,000 என அமையும். பழைய வழியின் விலை 1,000. புதிய வழியின் விலை 20. படங்கள் இனி ஒளியிழை வழியே செல்லும்.

இம்மாற்றத்தில் இரண்டு செய்திகளைக் கருத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, அளவுகோலை மேல்முனையில் நீட்டினால் கீழ்முனையில் இடம் சுருங்கும். 1 மெகாபிட் இணைப்பின் விலை இப்போது 1,00,000 ஆக வேண்டும். ஆனால் 65,535க்கு மேல் செல்ல இயலாது. ஆகவே, மிகக் குறைந்த விரைவுடைய இணைப்புகளுக்கிடையே வேறுபாடு மறைந்துவிடும். இரண்டாவது, அடிப்படை அளவை எல்லாத் திசைவிகளிலும் ஒருசேர மாற்ற வேண்டும். சிலவற்றில் மட்டும் மாற்றினால், மாற்றப்படாத திசைவிகளின் இணைப்புகள் காரணமின்றி மலிவாகத் தோன்றும். போக்குவரத்து அப்பக்கமே சாயும். ஒருவர் முழக்கோலாலும் மற்றொருவர் மீட்டர்க்கோலாலும் அளந்து ஒரே நிலத்திற்கு விலை பேசுவதை இஃது ஒக்கும்.

> தெரிந்து தெளிவோம்
> இரண்டு வழிகளின் மொத்த விலை சமமாக இருந்தால், திசைவி போக்குவரத்தை இரண்டுக்கும் சமமாகப் பகிர முயலும். 1 ஜிகாபிட் இணைப்புக்கும் 100 மெகாபிட் இணைப்புக்கும் ஒரே விலை இட்டு, நொடிக்கு 400 மெகாபிட் அளவிலான தரவை அனுப்பினால், ஒவ்வொன்றுக்கும் 200 மெகாபிட் வரும். பெரிய இணைப்பு ஐந்தில் ஒரு பங்கே நிறைந்திருக்க, சிறிய இணைப்பு தன் கொள்திறனைப் போல் இருமடங்கு சுமையால் நிரம்பி வழியும். சமமல்லாதவற்றைச் சமமாக நடத்துவதால் நேரும் இடர் இது.

நெரிசலை விலையாக்கிய முயற்சி

விரைவை மட்டும் நோக்கும் விலை, ஒரு வழியில் அப்போதுள்ள நெரிசலை அறிவதில்லை. அவ்வப்போதைய நெரிசலையே அளந்து விலையாக்கினால் என்ன? இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பு இம்முயற்சியைத் தொடக்கத்திலேயே மேற்கொண்டது.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் நான்கு நிலையங்களுடன் தொடங்கிய ஆர்பாநெட்டில், ஓர் இணைப்பின் முன் காத்திருக்கும் பொதிகளின் எண்ணிக்கையே அதன் விலையாகக் கொள்ளப்பட்டது. வரிசை நீண்டால் விலை மிகும். ஆனால், இவ்வளவை இணைப்பின் விரைவைக் கணக்கில் கொள்ளவில்லை. விரைந்து நகரும் பத்துப் பேர் வரிசையும் மெல்ல நகரும் பத்துப் பேர் வரிசையும் அதற்கு ஒன்றே. 1979ஆம் ஆண்டு இம்முறை மாற்றப்பட்டது. ஒவ்வொரு பொதியும் திசைவிக்கு வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் குறித்து, இணைப்பில் செல்ல ஆகும் நேரத்தையும் சேர்த்து, உண்மையான தாமதத்தையே விலையாகக் கொண்டனர்.

சுமை குறைந்த வேளைகளில் இப்புதிய முறை நன்கு பணிபுரிந்தது. சுமை மிகுந்தபோது எதிர்பாராத சிக்கல் எழுந்தது. ஆற்றின் இரு கரைகளையும் இணைக்கும் இரண்டு பாலங்களை எண்ணிக்கொள்வோம். முதற்பாலத்தில் நெரிசல் என்னும் செய்தி எல்லாருக்கும் ஒரே வேளையில் எட்டுகிறது. எல்லாரும் இரண்டாம் பாலத்திற்குத் திரும்புகின்றனர். சற்று நேரத்தில் இரண்டாம் பாலம் நெரிய, முதற்பாலம் வெறுமையாகிறது. அச்செய்தி பரவியதும் எல்லாரும் மீண்டும் முதற்பாலத்திற்குத் திரும்புகின்றனர். இரண்டு பாலங்கள் இருந்தும் ஒரு நேரத்தில் ஒன்றே பயன்படுகிறது. ஆர்பாநெட்டின் இணைப்புகளில் நிகழ்ந்ததும் இதுவே.

விலைகளின் வேறுபாடும் அளவு கடந்திருந்தது. சுமை மிகுந்த 9.6 கிலோபிட் இணைப்பு ஒன்று, சுமை குறைந்த 56 கிலோபிட் இணைப்பைப் போல் 127 மடங்கு விலையுடையதாகத் தோன்றக்கூடும். அவ்வொரு சிறிய இணைப்பைத் தவிர்ப்பதற்காகப் பொதிகள் வலையமைப்பெங்கும் சுற்றி வரவும், அவ்வாறு சுற்றுகையில் பிற இணைப்புகளையும் நெரிசலுக்கு உள்ளாக்கவும் அது வழிவகுத்தது.

1987ஆம் ஆண்டு மேற்கொண்ட திருத்தம் இச்சிக்கலைத் தணித்தது. திருத்தியவர்கள் தாமதத்தை மேலும் நுட்பமாக அளக்க முயலவில்லை. விலை ஏறியிறங்கும் எல்லையைச் சுருக்கினர். முழுச்சுமையுடைய இணைப்பின் விலை, அதே இணைப்பு ஓய்ந்திருக்கும்போது உள்ள விலையின் மூன்று மடங்கைக் கடவாதவாறு வரையறுத்தனர். மிகுவிலை இணைப்புக்கும் குறைவிலை இணைப்புக்கும் இடையிலான வேறுபாட்டை ஏழு மடங்குக்குள் அடக்கினர். குறைந்த சுமைக்கு விலை மாறாமலும், சுமை மிகும்போது மட்டும் படிப்படியாக ஏறுமாறும் அமைத்தனர். இதனால் எல்லாப் பொதிகளும் ஒருசேர ஓடித் திரும்புவது குறைந்தது; ஒரு பகுதி திரும்ப, மறுபகுதி அங்கேயே நின்றது. உண்மையை அப்படியே உரைக்கும் விலையைவிட, அதனைக் கேட்போர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதையும் எண்ணி இடப்பட்ட விலையே வலையமைப்புக்கு நன்மை பயத்தது.

யாருக்கு விரைவு?

விரைவு என்பதும் ஒரே பொருளுடையது அன்று. நிலநடுக்கோட்டிற்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக ஒரு செய்தி மேலே சென்று கீழே இறங்க ஏறத்தாழ 0.25 நொடி ஆகும். ஒளியின் விரைவே இதற்கு எல்லை. எவ்வளவு செலவிட்டாலும் இக்காலத்தைக் குறைக்க இயலாது.

நொடிக்கு 2 மெகாபிட் விரைவுடைய செயற்கைக்கோள் இணைப்பையும், நொடிக்கு 64 கிலோபிட் விரைவுடைய 400 கிலோமீட்டர் நீளத் தரைவழி இணைப்பையும் ஒப்பிடுவோம். 1,000 பிட் அளவுள்ள சிறு செய்தி தரைவழியே 0.02 நொடிக்குள் சென்று சேரும். செயற்கைக்கோள் வழியே 0.25 நொடி ஆகும். 80 இலட்சம் பிட் அளவுள்ள கோப்போ தரைவழியே 125 நொடியும் செயற்கைக்கோள் வழியே ஏறத்தாழ 4.25 நொடியும் எடுத்துக்கொள்ளும். தொலைபேசி உரையாடலுக்குத் தரைவழி ஏற்றது. பெருங்கோப்புக்கு வான்வழி ஏற்றது. ஒரே விலையால் இருவர்க்கும் நீதி வழங்க இயலாது. அவ்விடத்தில் யாருடைய தேவை முதன்மையானது என்பதை நிருவகிப்பவரே எண்ணித் துணிய வேண்டியுள்ளது.

முழுமையை நோக்கும் பார்வை

ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியே நல்ல விலை இட்டாலும் முழு வலையமைப்பும் நன்றாக இயங்கும் என்னும் உறுதியில்லை. விலை குறைந்த ஒரு பெரிய இணைப்பை நாடிப் பல திசைகளிலிருந்தும் பொதிகள் குவிந்தால் அதுவும் நெரியும். அருகிலுள்ள இணைப்புகள் வெறுமையாய்க் கிடக்கும். பெர்னார்ட் ஃபோர்ட்ஸ், மிக்கேல் தோரப் ஆகிய அறிஞர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், எந்த இடத்திலிருந்து எந்த இடத்திற்கு எவ்வளவு தரவு செல்கிறது என்பதை முன்னரே அறிந்து, அதற்கேற்ப எல்லா விலைகளையும் ஒருங்கே தேர்ந்து இடும் முறையை ஆராய்ந்தனர். மிகச் சிறந்த விலைத்தொகுதியைத் துல்லியமாகக் கண்டறிவது கணக்கீட்டு நோக்கில் மிகக் கடினமான சிக்கல் எனக் காட்டினர். எனினும் சிறுசிறு மாற்றங்களைச் செய்து பார்த்து முன்னேறும் முறையால், தாம் ஆராய்ந்த பெரும் வலையமைப்பில் மிகச் சிறந்த பகிர்வுக்குச் சில விழுக்காடே குறைவான பயனைப் பெற இயலும் என நிறுவினர்.

விலையை மாற்றுதல் அன்றாடப் பணியிலும் பயன் தருகிறது. ஓர் இணைப்பைப் பழுதுபார்க்க வேண்டுமாயின், தேர்ந்த பொறியாளர் அதனை உடனே துண்டிப்பதில்லை. முதலில் அதன் விலையை மிக உயர்த்துவார். பொதிகள் தாமாகவே பிற வழிகளுக்கு மாறும். அவ்வழிகள் சுமையைத் தாங்குகின்றனவா எனப் பார்த்த பின்னரே இணைப்பைத் துண்டிப்பார். பணி முடிந்ததும் விலையை மீண்டும் குறைப்பார். இடையில் பேசிக்கொண்டிருந்தவர் எவரும் பேச்சை நிறுத்த நேராது.

திசைவி உறங்காத கருவி, சோர்வின்றிக் கணக்கிடும், தனக்கென விருப்பு வெறுப்பு இல்லாதது. ஆயினும் அது தேரும் வழியில் மனிதரின் முடிவு உறைந்துள்ளது. எதனை அளப்பது, எந்த அளவுகோலால் அளப்பது, அளந்ததை எவ்வளவு வலிமையுடன் உரைப்பது என்னும் மூன்றையும் மனிதரே முடிவு செய்கின்றனர். காலம் மாறும்போது அளவுகோலும் மாற வேண்டும் என்பதை நூறு மெகாபிட் கதை உணர்த்துகிறது. அளவீட்டால் விளையும் நடத்தையையும் எண்ண வேண்டும் என்பதை ஆர்பாநெட் கதை உணர்த்துகிறது. மதிப்பெண், தரவரிசை, விலைப்பட்டியல் என எண்களால் வழி தேரும் இக்காலத்தில், எண்ணைப் பின்பற்றும் முன் அவ்வெண் எதனை அளக்கிறது என வினவுதல் அறிவுடையார் கடமையாகும்.

கலைச்சொல் அறிவோம்

திசைவி – தரவுப்பொதிகளுக்கு வழிகாட்டும் கருவி
தரவுப்பொதி – பகுத்து அனுப்பப்படும் தரவின் சிறு கூறு
தாவல் – ஒரு திசைவியிலிருந்து அடுத்த திசைவிக்குச் செல்லுதல்
நெறிமுறை – கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறப் பின்பற்றும் விதிகள்
கொள்திறன் – இணைப்பு ஒரு நொடியில் சுமக்கக்கூடிய தரவின் அளவு
ஒளியிழை – ஒளியின் வழியே தரவைக் கடத்தும் கண்ணாடி இழை

இலக்கணக்குறிப்பு

பெருஞ்சாலை, குறுவழி – பண்புத்தொகைகள்
உறங்காத கருவி – எதிர்மறைப் பெயரெச்சம்
காகிதமும் எழுதுகோலும் – எண்ணும்மை
சுமந்து, கடந்து – வினையெச்சங்கள்

பகுபத உறுப்பிலக்கணம்

அமர்ந்தார் – அமர் + த்(ந்) + த் + ஆர்
அமர் – பகுதி. த் – சந்தி, 'ந்' ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. ஆர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்…

1. உங்கள் இல்லத்திலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழிகளை வரைபடமாக வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் தொலைவு, நேரம், பாதுகாப்பு ஆகியவற்றின் அடிப்படையில் தனித்தனியே விலை இடுக. மூன்று அடிப்படைகளிலும் ஒரே வழி சிறந்ததாக அமைகிறதா என வகுப்பில் கலந்துரையாடுக.
2. 'எண்களால் மட்டும் எல்லாவற்றையும் மதிப்பிட இயலுமா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஆர்.ஐ.பி. நெறிமுறையில் சென்றடைய இயலாத தொலைவைக் குறிக்கும் எண்
அ) 10 ஆ) 15 இ) 16 ஈ) 64

2. அடிப்படை அளவு 100 மெகாபிட் எனில், 10 மெகாபிட் இணைப்பின் விலை
அ) 1 ஆ) 10 இ) 100 ஈ) 1,000

குறுவினா

1. 'ஆற்றுப்படை' – சொற்பொருள் விளக்கம் தருக.
2. தாவல்களை எண்ணும் முறை எப்போது போதுமானதாக அமையும்?

சிறுவினா

1. இணைப்பின் விலையை விரைவுக்கு எதிர்விகிதத்தில் வைப்பதன் காரணத்தை விளக்குக.
2. சிறு செய்திக்கும் பெருங்கோப்புக்கும் ஏற்ற வழிகள் வேறுபடுவது ஏன்? எடுத்துக்காட்டுடன் எழுதுக.

நெடுவினா

1. ஆர்பாநெட் வலையமைப்பில் நெரிசலை விலையாக்கியதால் நேர்ந்த சிக்கலையும் 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் விவரித்து, அதனால் நாம் பெறும் படிப்பினையைக் கட்டுரையாக்குக.